தற்கொலைத் தடுப்புக்குச் சூதாட்டக் கம்பெனி பணம் தருகிறது: வாங்கலாமா?

கொடிமுல்லை:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் தன்னார்வலர். பெரும்பாலும் இரவு முறை. எங்கள் அமைப்பு நன்கொடையில்தான் ஓடுகிறது. தொலைபேசிச் செலவு, புதியவர்களுக்குப் பயிற்சி, முழுநேரமாக இருக்கும் சிலருக்குச் சம்பளம் என்று மாதாமாதம் இழுபறி. இப்போது இணையச் சூதாட்டச் செயலி நடத்தும் ஒரு நிறுவனம், மூன்று ஆண்டுகளுக்கு எங்கள் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொல்லி வந்திருக்கிறது.

நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் "நாய் விற்ற காசு குரைக்காது, வாங்கிப் போடுங்கள்" என்கிறார்கள். மீதிப் பேருக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று எடுத்துச் சொல்ல வரவில்லை. நான் இந்த இரண்டாவது கட்சி.

ஒப்பந்த வரைவைப் படித்தேன். மூன்று இடங்கள் நெருடுகின்றன. எங்கள் பெயரையும் சின்னத்தையும் அவர்கள் செயலியின் 'பொறுப்புடன் விளையாடுங்கள்' பக்கத்தில் போட்டுக்கொள்வார்கள். சூதாட்டம் பற்றி நாங்கள் எந்த அறிக்கை வெளியிட்டாலும் 15 நாட்களுக்கு முன்பே அவர்கள் பார்வைக்கு அனுப்ப வேண்டும். அப்புறம், அழைப்பவர்கள் சொல்லும் காரணங்களைப் பெயர் நீக்கி மாதந்தோறும் தொகுத்துத் தர வேண்டும். 'சேவை மேம்பாட்டுக்காக' என்று போட்டிருக்கிறார்கள். யாருடைய சேவை என்று போடவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் நான் ஏதாவது எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

எதிர்க்காற்று:

வாங்குங்கள். யோசிக்க என்ன இருக்கிறது? நடுராத்திரியில் அழைக்கிற ஆள், போனை எடுப்பவரின் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கப்போவதில்லை. எடுக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம்.

இன்னொன்று. ஒருவர் அந்த முடிவுக்குப் போவதற்குக் கடன், குடும்பம், நோய், மனச்சோர்வு என்று ஆயிரம் காரணம் பின்னிக் கிடக்கும். அதில் ஒரே நூலை உருவிக் காட்டி 'கம்பெனிதான் காரணம்' என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. விளையாடுகிற லட்சம் பேரில் பெரும்பாலானவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

ஆற்றுமணல்:

ஆயிரம் காரணம் இருப்பது உண்மைதான். பொதுச் சுகாதாரத்தில் வேலை செய்கிற யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்த வாக்கியத்தை முதலில் ஓடிவந்து சொல்பவர் யார் என்று பாருங்கள். 1954 ஜனவரியில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் சேர்ந்து நூற்றுக்கணக்கான நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை கொடுத்தன. நுரையீரல் புற்றுநோய்க்குப் பல காரணங்கள் இருக்கலாம், ஆராய்ச்சிக்கு நாங்களே பணம் தருகிறோம் என்பதுதான் அதன் சாரம். அந்தச் சந்தேகத்தை வைத்தே பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள்.

விற்பவருக்கு வாதத்தில் ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை. முடிவு தள்ளிப்போனால் போதும். தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதமும் விற்பனை நடக்கிறது. சூதாட்டத்திலேயே ஓர் உதாரணம் தருகிறேன். பிரிட்டனில் பந்தயக் கடைகளில் இருக்கும் ஒருவகை இயந்திரத்தில் 20 நொடிக்கு ஒருமுறை 100 பவுண்டு வரை வைத்து ஆடலாம் என்று இருந்தது. அதை 2 பவுண்டாகக் குறைக்கப்போவதாக 2018 மே மாதம் அரசு அறிவித்தது. ஆனால் நடைமுறைக்கு வருவது 2019 அக்டோபரில்தான் என்று அந்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தின்போது தெரிந்தது. துறை அமைச்சர் டிரேசி கிரௌச் பதவியை ராஜினாமா செய்தார். சூதாட்டப் பிரச்சினையால் நாளுக்கு இரண்டு பேர் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள், ஆகவே இந்தத் தாமதத்தை ஏற்க முடியாது என்பது அவர் தரப்பு. அதன் பிறகே அரசு இறங்கிவந்து 2019 ஏப்ரலுக்கு மாற்றியது. ஒரு அமைச்சர் பதவியை விட்டதால் கிடைத்தது ஆறு மாதம்!

ஸ்காட்லாந்தில் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைக்கும் சட்டம் 2012இல் நிறைவேறியது. விஸ்கி தயாரிப்பாளர் சங்கம் நீதிமன்றம் போனது. ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 2018 மே 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பின்னர் வெளியான ஆய்வு, மதுவை மட்டுமே காரணமாகக் கொண்ட மரணங்கள், இந்தச் சட்டம் இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடியதைவிட 13.4 விழுக்காடு குறைந்ததாக மதிப்பிட்டது. அந்த ஆறு வருடத்தின் கணக்கை யார் எழுதுவது? வழக்குத் தோற்றவர்களுக்கு அதில் நட்டம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கொடிமுல்லை, உங்கள் 15 நாள் நிபந்தனையை இந்தக் கண்ணோடு மறுபடி படியுங்கள். அந்தக் காசு குரைக்காதுதான். உங்களையும் குரைக்க விடாது.

நெறியாளர்:

சிறு குறிப்பு. இந்த இழையில் தற்கொலை வழிமுறைகளின் விவரம், குறிப்பிட்ட வேதிப்பொருள்களின் பெயர், அளவு, இடம் எதுவும் வேண்டாம். ஒரு பதிவிலிருந்து இரண்டு வரிகளை நீக்கியிருக்கிறேன். கொள்கை, சட்டம், ஆய்வு முடிவு எல்லாம் தாராளமாகப் பேசலாம்.

படிப்பவர் யாருக்காவது இப்போதே மனம் பாரமாக இருந்தால்: இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் 1926. இரண்டிலும் தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். வேறு நாட்டில் இருந்தால் இந்த இழையிலேயே நாட்டைச் சொல்லுங்கள், எண்ணைத் தேடித் தருகிறோம்.

எதிர்க்காற்று:

@ஆற்றுமணல், மது சரி. உடலைக் கெடுக்கும் பொருள், குறைத்தால் சாவு குறையும், புரிகிறது. தற்கொலை அப்படியா? முடிவெடுத்துவிட்டவர் ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியைத் தேடுவார். கடையில் ஒரு பொருளைத் தடை செய்வதால் மனசில் இருப்பது மாறுமா?

விதைநெல்:

இந்தக் கேள்விக்கு நான் வருகிறேன். விவசாய இடுபொருள் விற்பனையில் பல காலம் இருந்தவன், கம்பெனிக்காரர்களின் கூட்டங்களில் உட்கார்ந்தவன்.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 வாக்கில் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 அளவில், உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. பெரும்பகுதி பூச்சிக்கொல்லியால். அந்த ஆண்டிலிருந்து மிகக் கொடிய நச்சுகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே வந்தார்கள். 1998இல் ஒரு சுற்று, 2008 முதல் 2011 வரை இன்னொரு சுற்று. இருபது ஆண்டில் விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் தப்பின என்று மதிப்பீடு. அரசுக்கு நேரடியாக ஆன செலவு ஓர் உயிருக்கு 50 டாலருக்கும் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் உள்நாட்டுப் போரும் நடந்துகொண்டிருந்தது, வறுமையும் இருந்தது. ஜனங்களின் துயரம் திடீரென்று மறைந்துவிடவில்லை. விளைச்சலும் அந்தத் தடைகளால் சரியவில்லை.

தடை வேண்டாம் என்பவர்கள் முன்வைத்த மாற்று என்ன தெரியுமா? 'பாதுகாப்பான பயன்பாடு'. பூட்டு போட்ட பெட்டி. எங்கள் கூட்டங்களிலும் அதுதான் பேச்சு: பளபளவென்று ஒரு நீலப்பெட்டி, இரண்டு சாவி, மூடியில் நிறுவனச் சின்னம், பக்கத்தில் சிரிக்கும் விவசாயக் குடும்பத்தின் படம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். சரி, அதையும் சோதித்துப் பார்த்தார்கள். இலங்கையில் 180 கிராமங்கள், பாதிக்குப் பெட்டி, பாதிக்கு இல்லை. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. பூச்சிக்கொல்லியால் தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் சம்பவங்கள் பெட்டி கொடுத்த கிராமங்களில் குறைந்ததற்குச் சான்று இல்லை.

ஒரு யோசனை பொருளைத் தொடுகிறது, வேலை செய்கிறது. இன்னொன்று வாங்குபவரின் கையில் சாவியைத் திணிக்கிறது, வேலை செய்யவில்லை. கம்பெனி எதற்குப் பணம் போடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி கொடுத்த பிறகு ஏதாவது நடந்தால், பூட்டாத குடும்பத்தின் குற்றம்.

நடைவண்டி:

'வேறு வழி தேடுவார்' என்பதற்கு இன்னும் பழைய பதில் ஒன்று உண்டு. பிரிட்டனில் 1963இல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 5,714 தற்கொலைகள். 1975இல் 3,693. இடையில் நடந்தது, வீடுகளுக்கு வரும் எரிவாயுவில் நச்சுத்தன்மை படிப்படியாக இல்லாமல் போனதுதான். உயிரைக் காப்பாற்ற அதைச் செய்யவில்லை. நிலக்கரியிலிருந்து எடுப்பதைவிட மற்ற வாயு மலிவாகக் கிடைத்தது, மாற்றினார்கள். வியாபாரக் கணக்கு தற்செயலாக உயிர்களின் பக்கம் சாய்ந்த அபூர்வமான கதை. வேறு வழிக்குத் தாவினவர்கள் மிகக் குறைவு.

அமெரிக்காவில் ஒரு பாலத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரை ரிச்சர்ட் சைடன் என்பவர் பின்தொடர்ந்து 1978இல் எழுதினார். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அப்போது உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். அந்தக் கணம் கடந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் வாழ்கிறார்கள்.

கல்மண்டபம்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்தச் செயலி என்று கேட்காதீர்கள்.

அவன் ஒரு கட்டத்தில் தானாகவே, கணக்கில் வாரத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று வரம்பு வைத்தான். செயலியிலேயே அதற்கு இடம் இருக்கிறது, 'பொறுப்புடன் விளையாடுங்கள்' பக்கத்தில். மறுநாளே ஒரு பெண் அழைத்தார். பெயர் சொல்லி, "சார், நீங்கள் எங்கள் சிறப்பு வாடிக்கையாளர், கொஞ்ச நாளாக ஆளையே காணோமே" என்று தேனாகப் பேசி, வரம்பை எடுத்தால் போனஸ் என்றார். அந்த அழைப்பு வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஏதோ ஒன்றுவிட்ட சொந்தக்காரர் நலம் விசாரிக்கிறார் என்றே நினைத்தேன்.

பிறகு அவன் எந்த எல்லைக்குப் போனான் என்பதை எழுத விரும்பவில்லை. இப்போது நன்றாக இருக்கிறான், கடன் இன்னும் அடைபடவில்லை. அந்த நாட்களில் அவன் ஒரு உதவி எண்ணுக்குப் பேசியிருக்கிறான். அந்த எண்ணின் பக்கத்தில் அதே செயலியின் சின்னம் இருந்திருந்தால் பேசியிருப்பானா என்று நேற்று கேட்டேன். "அவங்க ஆளுன்னு நினைச்சு போனை வெச்சிருப்பேன்" என்றான்.

எதிர்க்காற்று சார், அழைக்கிறவர் கேட்க மாட்டார் என்றீர்கள். பார்ப்பார் சார்.

ஆற்றுமணல்:

@கல்மண்டபம் தம்பி சொன்னது அவருக்கு மட்டும் தோன்றியதல்ல. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை 2022 ஏப்ரல் முதல், சூதாட்ட அடிமைத்தனத்துக்கான தன் சிகிச்சை நிலையங்களுக்கு அந்தத் துறையின் பணத்தை வாங்குவதை நிறுத்தியது. சொன்ன காரணங்களில் ஒன்று, அந்தத் துறையே பணம் கொடுக்கும் சிகிச்சைக்கு வர நோயாளிகள் கூசுகிறார்கள் என்பது. 2025 ஏப்ரலில் அங்கே முறையே மாறியது. விருப்பப்பட்டால் தரும் நன்கொடை போய், சட்டப்படி கட்டாய வரி வந்தது. பணம் அதே கம்பெனிகளின் பணம்தான், ஆனால் யாருக்குக் கொடுப்பது, எதை ஆராய்வது என்று அவர்கள் சொல்ல முடியாது. எனக்கு இந்த வித்தியாசம் போதும்.

மூன்றாவது நிபந்தனைக்கு ஒரு முன்கதை உண்டு. அமெரிக்காவின் 'கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன்', நெருக்கடியில் இருப்பவர்களோடு குறுஞ்செய்தியில் பேசும் லாப நோக்கற்ற அமைப்பு. அதிலிருந்து பிறந்த 'லோரிஸ்' என்ற வணிக நிறுவனம் வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள் விற்றது. அந்த உரையாடல்களின் தரவை, பெயர் நீக்கி, லோரிசுடன் பகிர்ந்தது 2022 ஜனவரியில் செய்தியானது. சில நாட்களிலேயே நிறுத்திக்கொண்டார்கள். 2023இல் 'பெட்டர்ஹெல்ப்' என்ற இணைய மனநல ஆலோசனை நிறுவனம், பயனர் தகவலை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

பெயர் நீக்கினால் என்ன நஷ்டம் என்று உங்கள் குழுவில் கேட்பார்கள். எந்த வாரத்தில், எந்த வயதில், எந்தத் தொகை தோற்றபின் ஒருவர் உடைகிறார் என்ற தகவல் ஒரு சூதாட்டக் கம்பெனிக்கு எதற்குப் பயன்படும் என்று திருப்பிக் கேளுங்கள்.

எதிர்க்காற்று:

சரி, மூன்றாவது நிபந்தனை கூடாது. அதில் எனக்குச் சண்டையில்லை. கல்மண்டபம், உங்கள் தம்பி நலமாக இருப்பதில் மகிழ்ச்சி.

ஆனால் பணத்தையே தொடக்கூடாது என்ற இடத்துக்கு நான் வர மாட்டேன். விற்பவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் துப்பாக்கிக் கடைக்காரர்களே பொதுச் சுகாதார ஆட்களோடு சேர்ந்து, நெருக்கடியில் இருக்கும் வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது, எப்போது விற்க மறுப்பது என்று கையேடு தயாரித்தார்கள். கடைகளில் சுவரொட்டி ஒட்டினார்கள். எதிரியாகப் பார்த்திருந்தால் அது நடந்திருக்காது.

இந்த அமைப்பு பணமில்லாமல் மூடினால், அதுவும் உயிர்க்கணக்குதான். அதை யாரும் இங்கே எழுதவில்லை.

மருந்துச்சீட்டு:

நியாயமான கேள்வி, தாண்டிப் போக முடியாது. ஆனால் அந்தக் கடைக்காரர்கள் தங்கள் விற்பனையையே தொட்டார்கள். 'இவருக்கு விற்காதே' என்பதுதான் அந்தக் கையேடு. கல்மண்டபம் சொன்ன கதையில் விற்பனைப் பிரிவு வரம்பை எடுக்கச் சொல்லி அழைக்கிறது. இரண்டையும் எப்படி ஒன்றாக வைப்பது?

என் துறையின் அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். பதின்வயதினருக்கு ஒரு மனச்சோர்வு மருந்து பயன் தருகிறது, பாதுகாப்பானது என்று 2001இல் ஒரு கட்டுரை வந்தது. மருந்துக் கம்பெனி பணத்தில் நடந்த '329' என்ற ஆய்வு. அதே தரவை 2015இல் வேறு குழு மறுபடி அலசி, பயன் இல்லை, தற்கொலை எண்ணம் உள்ளிட்ட தீங்குகள் கூடுதல் என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. இடையில் 2004இல் அமெரிக்காவில் இந்த வகை மருந்துகளுக்கெல்லாம் இளையோரிடம் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று கட்டம் கட்டிய எச்சரிக்கை கட்டாயமானது. 2012இல் அந்த நிறுவனம் இதையும் இன்னும் பல புகார்களையும் சேர்த்து 300 கோடி டாலர் கட்டியது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்! திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இந்த மருந்துகளால் எழுந்து நடமாடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

பழைய நிருபர்:

ஊடகத்தை விட்டுவிட்டீர்களே. அதுவும் வியாபாரம்தான். நான் வேலை பார்த்த இடத்தில் செய்தி மேசைக்கு மேலே ஒரு திரை, எந்தச் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று ஓடிக்கொண்டே இருக்கும். பிரபலம் ஒருவரின் தற்கொலை என்றால் அந்த எண் எகிறும். உடனே 'கடைசி நிமிடங்கள்', 'கடிதத்தில் என்ன' என்று துணைச் செய்திகள் கேட்பார்கள். தற்கொலைச் செய்தியை எப்படி எழுதுவது என்ற வழிகாட்டுதல் அட்டை மேசை இழுப்பறையில் இருக்கும்.

ஆனால் எழுதுகிற விதத்தை மாற்றினால் பலன் கண்கூடு. வியன்னாவில் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதிக்கொண்டிருந்தன. 1987இல் ஆஸ்திரியத் தற்கொலைத் தடுப்புச் சங்கம் வழிகாட்டுதல் கொடுத்தது, ஆசிரியர்கள் ஏற்றார்கள். சில மாதங்களிலேயே அந்தச் சம்பவங்கள் செங்குத்தாக இறங்கின. சட்டம் இல்லை, அபராதம் இல்லை. அன்றைக்கு மேசைக்கு மேலே திரை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடைவண்டி:

வேலையிடத்தையும் ஒரு வரியில் சேர்க்கலாமா? பிரான்ஸ் டெலிகாம் 22,000 பேரைக் குறைக்கத் திட்டமிட்டு, ஊழியர்களை வெளியேற வைக்கும் சூழலை உருவாக்கியது. அடுத்தடுத்து தற்கொலைகள். 2019 டிசம்பரில் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி டிடியே லொம்பார்டையும் மற்றவர்களையும் நிறுவனரீதியான மனத் துன்புறுத்தலுக்காக நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. நிறுவனத்துக்கு அபராதம் 75,000 யூரோ. இதே ரகக் கம்பெனிகள்தான் இன்று ஊழியருக்கு மூச்சுப்பயிற்சிச் செயலி வாங்கித் தருகின்றன.

கொடிமுல்லை:

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் முடிந்தது, நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே பேசியதைச் சுருக்கி வாசித்தேன். பெட்டிக் கதைக்கும் தம்பி கதைக்கும் அறை அமைதியானது. எதிர்க்காற்று சொன்னதையும் வாசித்தேன், மூடினால் அதுவும் உயிர்க்கணக்கு என்பதை. பொருளாளர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். கடைசியில், மூன்று நிபந்தனைகளையும் எடுத்துவிட்டால் வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதுவது என முடிவானது. எனக்கு அரைமனசுதான், ஆனால் கைதூக்கினேன்.

நிறுவனத்தின் பதில் இன்று வந்தது. அழைப்புத் தொகுப்பு வேண்டாம், விட்டுவிடுகிறோம். சின்னத்தைப் பற்றிப் பேசித் தீர்க்கலாம். ஆனால் அறிக்கைகளை முன்கூட்டியே பார்ப்பது மட்டும் 'பேச்சுவார்த்தைக்கு உரியதல்ல' என்று எழுதியிருக்கிறார்கள். இத்தனைக்கும் நாங்கள் சூதாட்டம் பற்றி இதுவரை ஒரு அறிக்கைகூட வெளியிட்டதில்லை.

பொருளாளரே "வேண்டாம், விடுங்கள்" என்றார். கையெழுத்து போடவில்லை. இரவு முறையை வாரத்தில் இரண்டு நாள் குறைக்கவேண்டி வரும் போலிருக்கிறது. அந்த இரண்டு இரவுகளில் வரும் அழைப்புகளை வேறொரு எண்ணுக்குத் திருப்பிவிட ஏற்பாடு நடக்கிறது. எதிர்க்காற்று, உங்கள் கணக்கு இங்கேதான் வந்து நிற்கிறது, மறைக்கவில்லை.

அறக்கட்டளைகளுக்கு நிதி விண்ணப்பம் எழுதிப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்களில் யாருக்கும் அந்த மொழி வரவில்லை.

எதிர்க்காற்று:

எனக்கு வரும். வேலையே அதுதான். வரைவையும், கடைசி ஆண்டின் தணிக்கை அறிக்கையையும் தனிமடலில் அனுப்புங்கள். எந்த இரண்டு இரவுகள் என்று முடிவு செய்யும் முன், அழைப்புகள் எந்தக் கிழமைகளில் கூடுகின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.